மதகு திறந்தது ராத்திரி! சேதி வந்தது எப்போ?

தென்பெண்ணை ஆற்றங்கரை விவசாயப் பெருங்குடி மக்களே! தாய்மார்களே! குத்தகைக்கு உழுது பிழைக்கும் தோழர்களே!

2024 டிசம்பர் 1 ராத்திரியை நாம் யாரும் மறக்க மாட்டோம். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கத்தில் கரை ஏறியது. கரை ஏறினால் போய்விடும் என்றுதான் நினைத்தோம். போகவில்லை. அங்கேயே உட்கார்ந்துகொண்டு கொட்டியது. மயிலத்தில் 51 சென்டிமீட்டர். விழுப்புரத்தில் 42 சென்டிமீட்டர். அப்புறம் மேற்கே நகர்ந்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர். அந்தத் தண்ணி அத்தனையும் பாம்பாற்றிலும் தென்பெண்ணையிலும் இறங்கி சாத்தனூர் அணைக்கு வந்தது. அணையிலிருந்து நம் கழனிக்கு வந்தது. வீட்டுக்குள் வந்தது. மாட்டுக் கொட்டகைக்கும் வந்தது.

வடக்கே கங்கைக்குத் தலைமாட்டில் இமயமலை இருக்கிறது. வெயில் ஏற ஏறப் பனி உருகி ஆற்றில் தண்ணி கூடும். நம் தென்பெண்ணைக்குப் பனிமலை ஏது? கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி, சாத்தனூர் தாண்டி, திருக்கோவிலூர் வழியாகக் கடலூரில் கடலில் சேருகிற ஆறு இது. மழை பெய்தால் ஆறு, பெய்யாவிட்டால் மணல். வருஷத்தில் பல மாசம் காய்ந்து கிடப்பதால், இந்த ஆற்றுக்கும் வெள்ளம் வரும் என்பதையே அதிகாரிகள் மறந்து போகிறார்கள். நாமும் சில சமயம் மறந்து போகிறோம். ஆறு மட்டும் மறப்பதில்லை.

ஒரு நொடிக்கு நானூறு லாரி

அன்றைக்கு ராத்திரி சாத்தனூரில் திறப்பு படிப்படியாக ஏறியது. டிசம்பர் 2 விடியற்காலைக்குள் 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி. பேப்பரில் படித்தால் இது வெறும் எண். நம் கணக்கில் போட்டுப் பார்ப்போம். ஒரு கன அடி என்பது 28 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். அப்படியானால் நொடிக்கு 47 லட்சம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கிற டேங்கர் லாரி கிட்டத்தட்ட 400, ஒரே நொடியில் கவிழ்ந்தால் எவ்வளவோ அவ்வளவு. அடுத்த நொடிக்கு இன்னொரு 400. சாத்தனூர் அணையின் முழுக் கொள்ளளவு 7,321 மில்லியன் கன அடி. இந்த வேகத்தில் போனால் நிறைந்த அணையே 12 மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

இந்தத் தண்ணி ஒரு ராத்திரியில் வருகிறது என்றால், கீழே தூங்குகிறவனை எழுப்ப வேண்டாமா?

அரசாங்கம் சொல்கிறது: ஐந்து முறை எச்சரிக்கை கொடுத்தோம், படிப்படியாகத்தான் திறந்தோம், திறக்காமல் விட்டிருந்தால் அணைக்கே ஆபத்து. எதிர்க்கட்சிகள் சொல்கின்றன: முன்னறிவிப்பே இல்லை, நள்ளிரவில் திறந்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் சட்டமன்றத்தில் மோதிக்கொண்டார்கள். அந்தச் சண்டையில் நமக்கு வேலை இல்லை. அணையைக் காப்பாற்றத் திறந்தார்கள் என்பதை நாம் ஒத்துக்கொள்கிறோம். அணை உடைந்தால் என்ன ஆகும் என்று தெரியாதவர்களா நாம்?

நம் கேள்வி ஒன்றே ஒன்று. ஐந்து முறை சொன்னீர்களே, யார் காதில் சொன்னீர்கள்?

எச்சரிக்கை அணையிலிருந்து மாவட்ட ஆட்சியருக்குப் போகிறது. அங்கிருந்து கோட்டாட்சியர், வட்டாட்சியர், வருவாய் ஆய்வாளர், கடைசியில் வி.ஏ.ஓ., தலையாரி. புயல் அடித்த ராத்திரி. கரண்ட் இல்லை. செல்போன் டவர் படுத்துவிட்டது. இருக்கிற போனில் சார்ஜ் இல்லை. ரோட்டில் மரம் விழுந்து கிடக்கிறது. பல ஊருக்கு ஒரு வி.ஏ.ஓ.வைப் பொறுப்பாகப் போட்டிருக்கிற நாட்டில், அந்தச் சேதி ஆற்றங்கரைக் குடிசை வரை எப்படி வந்து சேரும்? ஆபீசுக்கு ஆபீஸ் காகிதம் போனது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. ஊருக்குள் வந்தது என்பதற்குச் சாட்சி எங்கே?

அந்தக் காலத்தில் தண்டோரா இருந்தது. 2022ல் தமிழக அரசு அதை நிறுத்தச் சொன்னது. ஒலிபெருக்கி வைத்த வண்டியில் சொல்லிக்கொள்ளுங்கள் என்றது. பறையைச் சுமந்த மனிதனின் மானத்தை நினைத்தால் அது நியாயமான உத்தரவு. நாம் வரவேற்கிறோம். ஆனால் தண்டோரா போன இடத்துக்கு ஒலிபெருக்கி வந்ததா? எத்தனை ஊராட்சியில் பேட்டரியில் ஓடுகிற ஒரு ஒலிபெருக்கி இருக்கிறது? உங்கள் ஊராட்சி மன்றத் தலைவரை இன்றைக்கே கேளுங்கள்.

நடுவில் இருக்கும் சில மணி நேரம்

மக்களே, ஒன்றை நன்றாகப் புரிந்துகொள்ளுங்கள். அணையில் மதகைத் தூக்கிய அடுத்த நிமிஷமே தண்ணி நம் வாசலுக்கு வந்துவிடாது. சாத்தனூரிலிருந்து திருக்கோவிலூருக்கு வர நேரம் ஆகும். அங்கிருந்து விழுப்புரம், கடலூர் எல்லைக்கு வர இன்னும் பல மணி நேரம் ஆகும். அந்த நேரத்தில் என்ன செய்யலாம்? மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டலாம். ஆட்டைத் தூக்கிக்கொண்டு போகலாம். மோட்டாரைக் கழற்றலாம். விதை மூட்டையைப் பரணில் ஏற்றலாம். பட்டா, பேங்க் பாஸ்புக், பிள்ளைகளின் சர்ட்டிபிகேட்டைப் பைக்குள் போடலாம். வயசானவர்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போகலாம். ஆயுசு முழுக்க உழைத்துச் சேர்த்தது அந்த சில மணி நேரத்தில்தான் நிற்கும், இல்லையென்றால் போகும்.

அதனால்தான் சொல்கிறோம்: மதகுக்கும் நம் வாசலுக்கும் நடுவில் இருக்கிற அந்த நேரம் நமக்குச் சொந்தம். அதை நம்மிடம் கொடுக்காமல் காகிதத்தில் முடக்குவது, நம் பயிரையும் மாட்டையும் பறித்ததற்குச் சமம்.

இன்னொன்று. ஊத்தங்கரையில் கொட்டியது பகலில் தெரியாதா? மேலே எவ்வளவு பெய்தது என்பது மழைமானியில் இருக்கிறது. அது அணைக்கு வரும் என்பது ஆடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். புயல் வருகிறது என்று வானிலை மையம் நாலைந்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அப்படி இருக்க, பகல் வெளிச்சத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து அணையில் இடம் பண்ணி வைத்திருக்கக் கூடாதா?

இங்கே நாம் நேர்மையாகவும் பேச வேண்டும். அணையைக் காலியாக வை என்று நாம் கேட்க முடியாது. அந்தத் தண்ணிதான் தை, மாசியில் நம் பயிருக்கு. அணை நிரம்பவில்லை என்று ஆர்ப்பாட்டம் செய்கிறவர்களும் நாம்தான். ஆனால் நிரப்பி வைப்பதற்கும் விளிம்பு வரை நிரப்பிவிட்டுப் புயலை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பதற்கும் வித்தியாசம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் எவ்வளவு இடம் விட்டு வைப்பது, புயல் எச்சரிக்கை வந்தால் எப்போது, எவ்வளவு திறப்பது என்ற விதியை ஊருக்குத் தெரியும்படி எழுதி ஒட்டுங்கள் என்கிறோம். அணை யாருக்காகக் கட்டினதோ அவர்களுக்கே அதன் விதி தெரியாது என்றால் என்ன அர்த்தம்?

இது புதுப் பாடம் இல்லை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறந்து சென்னை மூழ்கியது. அதைப் பற்றி இந்தியத் தணிக்கைத் துறையின் அறிக்கை 2018ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அது மனிதரால் வந்த கேடு என்று அந்த அறிக்கையே சொன்னது. பட்டணம் மூழ்கினால் தணிக்கை அறிக்கை. கிராமம் மூழ்கினால் குடும்பத்துக்கு 2 ஆயிரம் ரூபாய். இதுதான் கணக்கா?

சட்டம் இருக்கிறது, செயல் எங்கே?

2021ல் பாராளுமன்றம் அணை பாதுகாப்புச் சட்டம் கொண்டு வந்தது. அந்த வருஷம் டிசம்பர் 30 முதல் அமலில் இருக்கிறது. பெரிய அணை ஒவ்வொன்றுக்கும் அவசரகாலச் செயல்திட்டம் எழுத வேண்டும் என்று அதில் இருக்கிறது. எந்த ஊர் மூழ்கும், யாருக்கு எப்படிச் சொல்வது, எங்கே கூட்டிப் போவது, எல்லாம் அதில் வர வேண்டும். ஏற்கெனவே உள்ள அணைகளுக்கு 5 வருஷ அவகாசம். அதாவது கெடு 2026 டிசம்பர் 30.

இந்தத் திட்டத்தைப் பற்றி உங்கள் கிராம சபையில் யாராவது ஒரு வார்த்தை பேசியிருக்கிறார்களா? மூழ்கப் போகிறவனைக் கேட்காமல், மூழ்கும் ஊரின் பட்டியலைக் கோட்டையில் உட்கார்ந்து எழுதினால் அது யாருக்குப் பிரயோஜனம்? எந்த இடத்தில் கரை பலவீனம், எந்த வழியாகத் தண்ணி முதலில் ஊருக்குள் நுழையும், எந்த மேடு மூழ்காது என்பதெல்லாம் நமக்குத்தான் தெரியும்.

ஓடை வெள்ளம் வேறு

ஆற்று வெள்ளத்துக்காவது சில மணி நேரம் கிடைக்கும். ஓடை வெள்ளத்துக்கு அதுவும் இல்லை. 2015 நவம்பர் 9ஆம் தேதி பண்ருட்டி பக்கம் பெரியகாட்டுப்பாளையத்திலும் விசூரிலும் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஓடையில் திடீரென்று பாய்ந்த தண்ணி வீட்டோடு ஆட்களை அடித்துக்கொண்டு போனது. கழனி முழுக்க மணல் மூடியது. 2024லும் பார்த்தோமே! பேருக்கேற்றபடி வறண்டு கிடந்த மலட்டாறு அரசூர், இருவேல்பட்டு பக்கம் பொங்கி, சென்னை – திருச்சி நெடுஞ்சாலையையே மறித்தது. போகிற வழியில் புதரும் ஆக்கிரமிப்பும் இருந்தால், தண்ணி தன் வழியைத் தானே தேடிக்கொள்ளும். அந்த வழி நம் வீட்டு வாசலாக இருக்கும்.

ஓடையைத் தூர் வாருகிறோம் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்கிறார்கள். மழைக்கு நாலு நாள் முன்னே பொக்லைன் வருகிறது. கரையோரப் புல்லைச் சுரண்டுகிறது. போட்டோ எடுத்ததும் போய்விடுகிறது. வெட்டிய மண்ணைக் கரையிலேயே குவிப்பதால் முதல் மழையிலேயே திரும்ப ஓடையில் விழுகிறது. எந்த ஓடையில் எத்தனை மீட்டர், எவ்வளவு ரூபாய் என்று ஊரில் போர்டு வைக்கச் சொல்லுங்கள். வேலை நடக்கும்போது நாம் போய் நின்று பார்க்க வேண்டும்.

ஆற்று மணலையும் சொல்லாமல் விட முடியாது. மணலை அள்ளி அள்ளி ஆற்றைப் பள்ளமாக்கினார்கள். அடிமணல் போனால் கரை நிற்குமா? கட்டுமானம் நிற்குமா? தளவானூரில் 25 கோடி ரூபாயில் 2020ல் தடுப்பணை திறந்தார்கள். 2021 ஜனவரியில் உடைந்தது. ஒரு வெள்ளாமைக் காலம் கூடத் தாங்கவில்லை. அதே வருஷம் நவம்பர் வெள்ளத்தில் எல்லீஸ் சத்திரம் அணைக்கட்டும் சேதமானது. 2024 டிசம்பரில் அகரம்பள்ளிப்பட்டு – தொண்டமானூர் நடுவே 16 கோடி ரூபாயில் கட்டித் திறந்த பாலம் சில மாசத்திலேயே அடித்துக்கொண்டு போனது. நாம் கட்டுகிற மாட்டுக் கொட்டகை கூட இதைவிட அதிக நாள் நிற்கிறது.

நிவாரணமா, கண்துடைப்பா?

வெள்ளம் வடிந்ததும் கணக்கெடுப்பு வந்தது. நெல் உள்ளிட்ட இறவைப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17 ஆயிரம் ரூபாய் என்றார்கள். மானாவாரிக்கு 8,500. பல்லாண்டுப் பயிருக்கு 22,500. ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். அப்படியானால் ஏக்கருக்கு 6,880 ரூபாய் சுமார். அதுவும் 33 சதவீதத்துக்கு மேல் போனால்தான். 32 சதவீதம் போனவன் கையை நக்க வேண்டியதுதான்.

வீட்டில் கணக்கு நோட்டை எடுத்துப் பாருங்கள். உழவு, நாற்று, நடவுக் கூலி, களை, யூரியா, டி.ஏ.பி., மருந்து. இதில் எத்தனை வரிக்கு 6,880 காணும்? மல்லாட்டை போட்டவனுக்கு விதைச் செலவாவது திரும்புமா? சாய்ந்த கரும்பை வெட்டக் கூலி யார் தருவது?

இதில் இன்னொரு வேடிக்கை. நிவர், புரெவி புயல்களுக்குப் பிறகு 2021 ஜனவரியில் இதே தமிழகத்தில் நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20 ஆயிரம் அறிவித்தார்கள். நாலு வருஷத்தில் உரம் விலை ஏறியது. கூலி ஏறியது. டீசல் ஏறியது. நிவாரணம் மட்டும் 3 ஆயிரம் இறங்கியது! மத்திய அரசு விதி அவ்வளவுதான் என்று மாநிலம் கையைக் காட்டுகிறது. மாநிலம்தான் கொடுக்க வேண்டும் என்று டெல்லி கையைக் காட்டுகிறது. இரண்டு கைக்கும் நடுவில் நம் கை காலியாக இருக்கிறது.

தெரியாமல் நாம் விட்டுவிடுகிற உரிமையும் உண்டு. 2022–26 ஆண்டுகளுக்கு மத்திய அரசு போட்ட பேரிடர் நிதி விதியில், மூன்று அங்குலத்துக்கு மேல் மணல், வண்டல் மூடிய நிலத்தைச் சுத்தம் செய்ய ஹெக்டேருக்கு 18 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. ஆறு திசை மாறி நிலத்தையே அறுத்துக்கொண்டு போனால் சிறு, குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 47 ஆயிரம் இருக்கிறது. பயிருக்கு எழுதிக் கொடுத்ததோடு நம்மில் பலர் நின்றுவிட்டோம். நிலத்துக்குத் தனியாகக் கேட்கவில்லை. கேட்காதவனுக்கு யார் கொண்டுவந்து தருவார்கள்?

பயிர்க் காப்பீட்டின் கதை இதைவிட மோசம். பிரதமர் பயிர்க் காப்பீட்டில், தன் ஒருத்தன் நிலம் பாதித்தாலும் இழப்பீடு கேட்கலாம் என்று ஒரு பிரிவு உண்டு. அதிலிருந்து நெல் மூழ்குவதை 2018ல் எடுத்துவிட்டார்கள். நெல் விளைகிற நாட்டில், நெல் மூழ்கினால் அந்தப் பிரிவில் காப்பீடு இல்லை! விவசாயிகள் விடாமல் கேட்டதால், 2026 காரீப் பருவத்திலிருந்து திரும்பச் சேர்ப்பதாக 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. போராடினால் கிடைக்கும் என்பதற்கு இதுவே அத்தாட்சி. ஆனால் அதிலும் ஒரு முள் இருக்கிறது. 72 மணி நேரத்துக்குள் செல்போன் செயலியில் போட்டோவோடு பதிவு செய்ய வேண்டுமாம். கழுத்தளவு தண்ணி நிற்கும்போது, கரண்டும் டவரும் இல்லாத ஊரில், சாதாரண போன் வைத்திருக்கிற பெரியவர் எப்படிப் பதிவு செய்வார்? தண்ணி வடிந்து, கரண்ட் வந்த நாளிலிருந்துதான் அந்த நேரத்தை எண்ண வேண்டும்.

குத்தகை விவசாயியின் பாடு இன்னும் கொடுமை. நட்டவன் ஒருவன், பட்டா இன்னொருவர் பேரில். பணம் பட்டாக்காரர் கணக்குக்குப் போகிறது. கடன் மட்டும் உழுதவன் தலையில் நிற்கிறது. அடங்கலில் உழுகிறவன் பெயரை ஏற்றுங்கள் என்று நாம் கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டுவிட்டது.

நம் கோரிக்கைகள்

1. அணையில் திறப்பைக் கூட்டுமுன், கீழே உள்ள ஒவ்வொரு ஆற்றங்கரை ஊருக்கும் நேரடியாகச் சேதி வர வேண்டும். யார் சொன்னார், எத்தனை மணிக்குச் சொன்னார், ஊரில் யார் கேட்டுக் கையெழுத்துப் போட்டார் என்று பதிவேடு வேண்டும்.

2. ஆற்றங்கரை ஊராட்சி ஒவ்வொன்றிலும் பேட்டரியில் ஓடும் ஒலிபெருக்கியும் சங்கும் வைக்க வேண்டும். கோயில், மசூதி, சர்ச் ஒலிபெருக்கிகளையும் அந்த ராத்திரிக்குப் பயன்படுத்த ஏற்பாடு வேண்டும்.

3. சாத்தனூர் அணையின் அவசரகாலச் செயல்திட்டத்தைத் தமிழில் அச்சிட்டு, கிராம சபையில் படித்து, ஊர்க்காரர் சொல்கிற திருத்தத்தைச் சேர்க்க வேண்டும்.

4. மழைக்காலத்தில் அணையில் எவ்வளவு இடம் விடுவது, எப்போது திறப்பது என்ற விதியை வெளியிட வேண்டும். முடிந்த வரை பகலில் திறக்க வேண்டும்.

5. ஓடை, மலட்டாறு, வாய்க்கால்களைப் புரட்டாசிக்குள் தூர் வார வேண்டும். ஆற்றில் மணல் கொள்ளையை நிறுத்த வேண்டும். உடைந்த கரையைக் கல் பதித்துக் கட்ட வேண்டும்.

6. பயிர் இழப்புக்கு ஏக்கருக்கு 40 ஆயிரம் ரூபாய் வேண்டும். 33 சதவீத நிபந்தனையைத் தளர்த்த வேண்டும். மணல் மூடிய நிலத்துக்கும் அறுந்துபோன நிலத்துக்கும் தனியாகக் கணக்கெடுக்க வேண்டும். உழுகிற குத்தகைதாரர் கையில் பணம் சேர வேண்டும்.

7. காப்பீட்டுக்கு 72 மணி நேரக் கெடுவை மாற்ற வேண்டும். வி.ஏ.ஓ. அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாலே போதும் என்று ஆக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

எல்லாம் அரசாங்கம் செய்யட்டும் என்று உட்கார்ந்திருந்தால் அடுத்த கார்த்திகையும் இப்படித்தான் விடியும். ஊருக்கு ஐந்து பேர் கொண்ட வெள்ளக் காவல் குழு போடுவோம். மேல் ஊருக்கு ஒரு போன் நம்பர், கீழ் ஊருக்கு ஒரு போன் நம்பர். திருக்கோவிலூரில் தண்ணி ஏறினால், நம் ஊருக்கு அதிகாரி சொல்லும் முன்னே நம் ஆள் சொல்ல வேண்டும். நடக்க முடியாதவர்கள், கர்ப்பிணிகள், தனியாக இருக்கும் பாட்டிமார்கள் எந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று பட்டியல் எழுதி வைப்போம். மழைக்காலத்தில் மாட்டை ராத்திரியில் இறுக்கி முடிச்சுப் போடாமல், ஒரே இழுப்பில் அவிழ்கிற மாதிரி கட்டுவோம். பயிர் மூழ்கினால் முதல் வேலையாகப் போட்டோ, இரண்டாவது வேலையாக மனு. மனுவுக்கு ரசீது வாங்காமல் ஆபீசை விட்டு வெளியே வராதீர்கள்.

வருகிற விவசாயிகள் குறைதீர் கூட்டத்தன்று ஆட்சியர் அலுவலகம் முன்னால் கூடுவோம். ஒவ்வொரு ஊரிலிருந்தும் மனுவோடு வாருங்கள். மணல் மூடிய கழனியின் போட்டோவோடு வாருங்கள். நாசமான மோட்டாரையே வண்டியில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். கட்சி வேறு, சாதி வேறு, கொடி வேறு என்று இருப்போம், பரவாயில்லை. வெள்ளம் வந்த ராத்திரி எந்தக் கொடியையும் பார்த்து நிற்கவில்லை.

மழை இயற்கை. அதை நாம் நிறுத்த முடியாது. மதகைத் திறக்கிற கை மனிதனுடையது. அந்தக் கை திறக்குமுன் நம்மைத் தட்டி எழுப்பியே ஆக வேண்டும்.

கேட்போம்! சேர்ந்து கேட்போம்! கிடைக்கும் வரை கேட்போம்!

விவசாயிகள் ஒற்றுமை ஓங்குக!